1 கோடி சுற்றுக்கு 28 மணி நேரம்: 100 கிலோநியூட்டன் ஒத்ததிர்வு ஃபெட்டீக் எந்திரம், சேலம் பட்டறைக்காரர் பார்வையில்

சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் பட்டை ஸ்பிரிங் அடிப்பவர்கள், போர்வெல் ராடு கடைபவர்கள், அலுமினிய வார்ப்புக்காரர்கள், கல்லூரி ஆய்வகத்தினர் ஆகியோரின் கேள்விகள் இரண்டுதான். உலோகத்தைத் திரும்பத் திரும்ப ஆட்டி, எத்தனை சுற்றில் சோர்ந்து உடைகிறது (ஃபெட்டீக்) என்று பார்க்கும் இந்த எந்திரத்தை வாங்கலாமா? வாங்க முடியாவிட்டால், இது இருக்கும் சோதனைக் கூடத்துக்குச் சாம்பிள் அனுப்பினால் பணத்துக்குப் பயன் உண்டா? இங்கே பேசப்போவது மின்காந்தத்தால் ஓடும் ஒத்ததிர்வு வகை, 100 கிலோநியூட்டன் அளவு. இந்த வகையில் சுவிட்சர்லாந்தின் ரூமுல் பெயர் பெற்றது. பழைய ஆம்ஸ்லர் வைப்ரோஃபோரின் வாரிசை ஸ்விக்ரோயல் செய்கிறது. எந்தக் கம்பெனி என்பதை ஒதுக்கிவிட்டு, இந்த வகைக்கே உரிய குணம் என்ன, குறை என்ன என்று பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விளம்பரத்தில் சொல்லும் வேகம் பொய் இல்லை. ஆனால் அது எல்லாச் சாம்பிளுக்கும் கிடைக்காது. கிடைக்கும் இடத்திலும், சாம்பிள் கடைசல் சரியில்லை என்றால் தப்பான எண்தான் சீக்கிரம் வரும். சோர்வு வலிமை பார்ப்பதற்கு 5க்கு 4 தரலாம். விரிசல் வளர்ச்சி பார்ப்பதற்கு, இந்த 100 கிலோநியூட்டன் அளவுக்கு மட்டும், இரண்டரைக்கு மேல் மனம் வரவில்லை. காரணம் கீழே வருகிறது.

ஊஞ்சலில் குழந்தையை ஆட்டுபவர் ஒவ்வொரு முறையும் முழுப் பலத்தையும் போடுவதில்லை. திரும்பி வரும் நேரம் பார்த்து ஒரு விரலால் தள்ளினால் போதும். இந்த எந்திரமும் அப்படித்தான். மேலும் கீழும் கனமான நிறைகள், நடுவில் சாம்பிள். சாம்பிளே ஒரு விறைப்பான ஸ்பிரிங்காக நின்று, நிறையோடு சேர்ந்து தன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடுகிறது. மின்காந்தம் அந்தத் தாளத்தில் தட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். நடுவிசையை, அதாவது ஆட்டத்தின் சராசரி விசையை, தனியாக ஒரு திருகுத்தண்டு ஏற்றிப் பிடித்துக்கொள்ளும். அதனால் மின்செலவு மிகக் குறைவு. இதே விசைக்கு ஹைட்ராலிக் எந்திரம் வைத்தால் பெரிய பம்பும், அதன் எண்ணெயைக் குளிர்விக்கத் தண்ணீர்ச் சுற்றும் இராப்பகலாக ஓட வேண்டும். கோடையில் சேலத்தில் அந்தத் தண்ணீர்ச் சுற்றைச் சமாளிப்பது தனி வேலை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஒத்ததிர்வு எந்திரத்தைப் பாராட்டலாம்.

அதிர்வெண் சுமார் 40 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை என்று எழுதியிருப்பார்கள். அதில் நீங்கள் விரும்பியதைத் தேர்ந்தெடுக்க முடியாது. சாம்பிளின் விறைப்பும் ஏற்றியிருக்கும் நிறையும்தான் தீர்மானிக்கும். நிறைத்தட்டுகளைக் கழற்றினால் ஏறும், போட்டால் இறங்கும். தடித்துக் குட்டையான உருக்குச் சாம்பிள் 100 ஹெர்ட்ஸைத் தாண்டி ஓடும். மெல்லிய தகடோ, நெளியக்கூடிய வடிவமோ வைத்தால் பாதிகூட வராது. கூடத்தின் விலைப்பட்டியலில் மணிக்கணக்கில் கட்டணம் இருந்தால் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: என் சாம்பிளுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் வரும்?

கணக்கைப் பார்ப்போம். 10 ஹெர்ட்ஸில் 1 கோடி சுற்று முடிய பதினொன்றரை நாள். 100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 28 மணி நேரம். ஒரே ஒரு சாம்பிளுக்கே இந்த வித்தியாசம். சோர்வு வரம்பை, அதாவது 1 கோடி சுற்றையும் உடையாமல் தாங்கும் தகைவை (பரப்பின் மேல் விழும் விசையை), சரியாகச் சொல்லப் படிக்கட்டு முறைதான் வழக்கம். ஒரு சாம்பிள் உடைந்தால் அடுத்ததற்குத் தகைவை ஒரு படி இறக்குவது, உடையாமல் 1 கோடி தாண்டினால் ஒரு படி ஏற்றுவது. இதற்குக் குறைந்தது 15 சாம்பிள் வேண்டும். அதில் 8 உடையாமல் ஓடி, 7 சராசரியாக 10 லட்சம் சுற்றில் உடைந்தால் 100 ஹெர்ட்ஸில் சுமார் 10 நாளில் வேலை முடிகிறது. 10 ஹெர்ட்ஸில் அதே வேலைக்கு 100 நாளுக்கு மேல் ஆகும். இரண்டு வெப்பப் பதத்தை ஒப்பிட வேண்டும் என்றால் ஹைட்ராலிக்கில் அரை வருடத்துக்கு மேல் போய்விடும்.

வேகத்தைப் பற்றிய பேச்சு இதோடு போதும். இனிச் சாம்பிள்.

சாம்பிள்தான் பாதி எந்திரம்

உருண்டைச் சாம்பிளுக்கு நடுப்பகுதி விட்டம் 6 முதல் 8 மில்லிமீட்டர் இந்த எந்திரத்துக்கு வசதி. 8 மில்லிமீட்டரில் 600 மெகாபாஸ்கல் தகைவு வீச்சு கொடுக்க 30 கிலோநியூட்டன் போதும், எந்திரம் திணறாது. பிடிக்கும் பகுதியின் குறுக்குப் பரப்பு நடுப்பகுதியைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். நடுப்பகுதியிலிருந்து பிடிக்கு ஏறும் வளைவின் ஆரம், நடு விட்டத்தைப் போல குறைந்தது 8 மடங்கு. 6 மில்லிமீட்டர் சாம்பிளுக்கு 48 மில்லிமீட்டர். இந்த வளைவை லேத்தில் கையால் விட்டுவிட்டு ஃபைலால் தேய்த்துச் சரிசெய்து அனுப்பினால், சாம்பிள் அந்த இடத்திலேயே உடையும். அந்த முடிவைக் குப்பையில் போட வேண்டியதுதான், கட்டணம் மட்டும் திரும்ப வராது. சி.என்.சி. லேத் இல்லாத பட்டறை இந்த வேலையை எடுக்காமல் இருப்பதே நல்லது.

மேற்பரப்பின் சராசரி சொரசொரப்பு (ஆர்.ஏ.) 0.2 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பது ஏ.எஸ்.டி.எம். ஈ 466 என்ற அமெரிக்கச் சோதனைத் தரம் கேட்பது. எண்ணை விடத் திசை முக்கியம். லேத் டூல் விடும் கோடுகள் சாம்பிளைச் சுற்றி வளையமாக இருக்கும். இழுவிசைக்குக் குறுக்கே நிற்கும் ஒவ்வொரு வளையமும் விரிசலுக்கு ஒரு வாசல். ஆகவே கடைசி மெருகு நீளவாக்கில்தான். உப்புத்தாள் 400, 600, 800, 1000 என்று ஏறி, ஒவ்வொரு தாளிலும் முந்தைய தாளின் கீறல் முற்றிலும் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். சாம்பிளை லேத்தில் சுழலவிட்டுத் தாளைப் பிடித்துப் பளபளப்பாக்கி அனுப்புவது பலரின் பழக்கம். பார்க்க வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னும், ஆனால் கீறல் எல்லாம் குறுக்கே இருக்கும்.

கடினப்படுத்திய உருக்கில் சாணை பிடிக்கும்போது கடைசி வெட்டுகளை மிக மெல்லியதாக, நிறையக் கூலன்ட் விட்டு எடுக்க வேண்டும். நீலம் பாய்ந்தால் அந்தத் தோலில் இழுதகைவு தங்கிவிடும். அப்புறம் நீலத்தை மெருகிட்டு மறைத்தாலும் தகைவு போகாது.

சாம்பிள் எந்திரத்தில் நேராக நிற்கிறதா என்பது அடுத்தது. அச்சு விலகினால் இழுவிசையோடு வளைவும் சேர்ந்துவிடும். ஒரு பக்கம் கணக்குக்கு மேல், மறுபக்கம் கணக்குக்குக் கீழ். 5 சதவீதத்துக்கு மேல் வளைவு கூடாது என்பது வரம்பு. இதைப் பார்க்க, நான்கு பக்கமும் திரிபுமானி (நீட்சியை அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ்) ஒட்டிய ஒரு சாம்பிளைக் கூடத்தில் வைத்திருக்க வேண்டும். எந்திரத்தின் பிடியைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் அதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். அந்த நான்கு எண்ணைக் காட்டினால் நல்ல கூடம்.

பிடியில் இருவகை. மரையிட்ட முனைக்கு எதிர்நட்டு போட்டு நன்றாக முன்னிறுக்கம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மரையின் அடிப்பள்ளத்தில் உடையும். வெறும் உருளை முனையைப் பிடிக்கும் வகையில், பிடிவாய்க்கும் சாம்பிளுக்கும் நடுவே நுண்ணிய உராய்வு ஏற்பட்டுச் செம்பழுப்புத் தூள் கொட்டும். அந்த இடத்தில் சாம்பிள் உடைவது உலோகத்தின் குற்றம் அல்ல. ஓட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் அதிர்வெண்ணைக் கவனித்தால் பல விஷயம் தெரியும். மெல்ல ஏறி நின்றால் மரை படிந்து அமர்கிறது, பரவாயில்லை. இறங்கிக்கொண்டே போனால் நட்டு தளர்கிறது, அல்லது சாம்பிள் சூடாகிறது. நன்றாக ஓடி, மணிக்கணக்கில் அசையாமல் இருந்த எண் திடீரென இறங்கத் தொடங்கினால் அதுதான் விரிசல்.

இந்த எந்திரத்தில் மிகப் பிடித்த அம்சமும் அதுதான். விரிசல் விட்டால் சாம்பிளின் விறைப்பு குறைகிறது, அதிர்வெண் இறங்குகிறது, 0.5 அல்லது 1 ஹெர்ட்ஸ் இறங்கியதும் எந்திரம் தானே நின்றுவிடும்படி வைக்கலாம். சாம்பிள் இரண்டாக உடைந்து முகம் முகத்தோடு மோதி நசுங்குவதற்கு முன்பே கையில் கிடைக்கும். பிறகு திரவ நைட்ரஜனில் குளிரவைத்துப் பிளந்தால், விரிசல் பிறந்த இடம் அப்படியே நுண்ணோக்கியில் தெரியும். ஒரு கசடுத்துகளா, டூல் கோடா, துளையா? தோல்வியின் காரணம் தேடுபவருக்கு இந்த முகம்தான் சொத்து.

நம்மூர் உலோகங்கள் இதில் எப்படி

பட்டை ஸ்பிரிங் உருக்கு, அதாவது சிலிக்கான்-மாங்கனீசு அல்லது குரோமியம்-வனேடியம் வகை, கடினப்படுத்திப் பதம் இறக்கியது, இந்த எந்திரத்துக்கு மிகவும் பொருத்தமானது. சூடாவது குறைவு, அதிர்வெண் உயரம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. 12 மில்லிமீட்டர் பட்டையிலிருந்து 6 மில்லிமீட்டர் உருண்டைச் சாம்பிள் கடைந்தால் கிடைப்பது பட்டையின் நெஞ்சு. பட்டை உடைவதோ தோலிலிருந்து. எண்ணெய் உலையில் காய்ச்சும்போது கார்பன் எரிந்துபோன மென்தோல், உருட்டாலைக் கோடு, ஷாட் பீனிங் (சிறு உருக்குக் குண்டுகளால் அடிப்பது) கொடுத்த அமுக்கத்தகைவு எல்லாம் கடைசலில் சீவிப்போய்விடும். அந்தச் சாம்பிள் உருக்கைப் பற்றிச் சொல்லும், உங்கள் உலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

உலையைச் சோதிக்க வேண்டும் என்றால், ஒரு பக்கத்தில் மூலத்தோலை அப்படியே விட்டுத் தட்டைச் சாம்பிள் வெட்டி, நான்கு-புள்ளி வளைவுப் பிடியில் அந்தத் தோல் இழுபடும்படி வைத்து ஓட்டச் சொல்லுங்கள். எல்லாக் கூடத்திலும் அந்தப் பிடி இருக்காது, முன்கூட்டியே கேட்க வேண்டும்.

தோல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஜப்பானின் முரகாமி தந்த சூத்திரப்படி, மேற்பரப்பில் உள்ள குறைக்கு: விக்கர்ஸ் கடினத்தோடு 120 கூட்டி, 1.43 ஆல் பெருக்கி, குறையின் பரப்புக்கு மைக்ரானில் வர்க்கமூலம் கண்டு, அந்த எண்ணின் ஆறாம் மூலத்தால் வகுக்க வேண்டும். கடினம் 450, குறை 20 மைக்ரான் என்றால் சோர்வு வரம்பு சுமார் 495 மெகாபாஸ்கல். குறை 50 மைக்ரான் ஆனால் 425. கண்ணுக்குத் தெரியாத 30 மைக்ரான் வித்தியாசம் 70 மெகாபாஸ்கலைத் தின்றுவிடுகிறது. கார்பன் எரிந்து தோலின் கடினம் 250க்கு இறங்கினால், குறையே இல்லாவிட்டாலும் 400ஐச் சுற்றித்தான் நிற்கும். உருக்கு விலைக்குப் பேரம் பேசும் நேரத்தில் உலைக் காற்றுவிகிதத்தைக் கவனித்தால் இதைவிட லாபம்.

முழுப் பட்டை ஸ்பிரிங்கையே வைத்து ஆட்ட முடியுமா என்று கேட்பவர்கள் அதிகம். முடியாது. இந்த எந்திரத்தில் விசை இருக்கும், நகர்வு இருக்காது, ஓரிரு மில்லிமீட்டரோடு சரி. முழு ஸ்பிரிங்குக்கு மெதுவாக ஓடும் பெரிய நகர்வுச் சட்டகம்தான் வழி.

1 கோடி சுற்று போதுமா? லாரி ஸ்பிரிங் சாலையில் வினாடிக்கு 2 முறை ஆடுகிறது என்று வைத்துக்கொண்டால் 1 கோடி ஆட்டம் 1,390 மணி நேர ஓட்டம். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் 55,000 கிலோமீட்டர் சொச்சம். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவில் வருவது போன்ற பெரிய ஆட்டம் எல்லாச் சுற்றிலும் வராது என்பது உண்மைதான். ஆனாலும் லாரியின் ஆயுளுக்கு 1 கோடி பெரிய எண் இல்லை. கடினம் மிகுந்த உருக்கில் 1 கோடியைத் தாண்டிய பிறகும், மேற்பரப்பில் இல்லாமல் உள்ளே ஒரு கசடுத்துகளைச் சுற்றி மீன்கண் போல வட்டமாக விரிசல் வளர்ந்து உடைவதுண்டு. ‘1 கோடி ஓடியது, இனி உடையாது’ என்று அறிக்கையில் எழுதியிருந்தால் அந்த வரியை நம்ப வேண்டாம்.

போர்வெல் ராடு விஷயத்தில் பாதிப் பயன்தான். ராடு உருக்கின் தரத்தை ஒப்பிடலாம். ஆனால் ராடு உடைவது பெரும்பாலும் மரை அடிப்பள்ளத்தில், வளைவும் முறுக்கும் சேர்ந்து, சேறும் தண்ணீரும் அரித்துக்கொண்டிருக்கும்போது. உலர்ந்த கூடத்தில் 100 ஹெர்ட்ஸில் வரும் எண் அரிப்புக்கு நேரமே கொடுக்காத எண். திருச்செங்கோட்டு ரிக்குக்கு அதை நேரடியாக எடுத்துக்கொண்டால் நிச்சயம் ஏமாற்றம்.

சேலம் உருக்காலை தருவது போன்ற 304 வகை ஸ்டெயின்லெஸ் தகடு இதில் சங்கடம். மெல்லிய தகட்டை அமுக்கினால் நெளிந்துவிடும், ஆகவே இழுவை-இழுவை மட்டும், ஆர் விகிதம் (குறைந்த விசையை உச்ச விசையால் வகுத்தது) 0.1 என்று ஓட்ட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் சூடு. இந்த உலோகம் ஆட ஆட உள்ளே வெப்பம் கொள்ளும். அறை வெப்பத்தில் மெதுவாக ஓட்டினால் திரிபால் கொஞ்சம் மார்ட்டென்சைட் என்ற கடினமான உட்கட்டமைப்பு உருவாகி வலுப்படும். வேகமாக ஓட்டிச் சூடானால் அந்த மாற்றம் அடங்கிவிடும். அதாவது 10 ஹெர்ட்ஸில் சோதித்த உலோகமும் 100 ஹெர்ட்ஸில் சோதித்த உலோகமும் உள்ளுக்குள் ஒன்றல்ல. சாம்பிள் மேல் தெர்மோகப்பிள் ஒட்டிக் காற்று அடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். வெப்பநிலையைக் குறிக்காத 304 அறிக்கை காகிதச் செலவு.

அலுமினிய வார்ப்பு நன்றாகவே ஓடும். சேர்வராயன் மலைப் பாக்சைட் மேட்டூரில் அலுமினியமான காலம் போய்விட்டாலும் வார்ப்புப் பட்டறைகளுக்கு இங்கே குறைவில்லை. அலுமினியத்துக்குத் திட்டவட்டமான சோர்வு வரம்பு கிடையாது, சுற்று கூடக் கூட வலிமை இறங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை சுற்றில் என்று சொல்லாமல் ஒரு எண்ணைச் சொன்னால் அதற்குப் பொருளில்லை. வார்ப்பில் ஹைட்ரஜன் துளைதான் வில்லன். 15 சாம்பிளில் இரண்டு மட்டும் சீக்கிரம் உடைந்தால் எந்திரத்தைத் திட்டாமல் முகத்தை நுண்ணோக்கியில் பாருங்கள், பெரும்பாலும் ஒரு துளை சிரித்துக்கொண்டிருக்கும். அலுமினியத்தில் ஈரக்காற்றும் விரிசலை வேகப்படுத்தும். மே மாதச் சேலம் மதியமும் ஏற்காட்டுப் பனிமூட்டமும் ஒரே எண் தராது. ஈரப்பதத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

விரிசல் வளர்ச்சி: இங்கேதான் மதிப்பெண் குறைகிறது

விரிசல் ஏற்கனவே இருக்கிறது, அது எவ்வளவு வேகத்தில் வளரும் என்பது வேறு சோதனை. பாரிஸும் எர்டோகனும் 1963இல் எழுதிய உறவு இதன் அடிப்படை: ஒரு சுற்றுக்கு விரிசல் வளரும் நீளம், டெல்டா கே-யின் ஒரு அடுக்காக ஏறும். விரிசல் நுனியில் தகைவு எவ்வளவு குவிகிறது என்பதைச் சொல்லும் தகைவுச் செறிவெண், ஒரு சுற்றில் உச்சத்துக்கும் அடிக்கும் இடையில் எவ்வளவு மாறுகிறது என்பதே டெல்டா கே. உருக்குக்கு அந்த அடுக்கு 3க்குப் பக்கம். டெல்டா கே இரட்டித்தால் வேகம் எட்டு மடங்கு. பாரிஸின் முதல் கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை.

டெல்டா கே ஒரு எல்லைக்குக் கீழே போனால் விரிசல் வளர்வதில்லை. அந்த வாசல் மதிப்பைக் கண்டுபிடிக்கத்தான் வேகமான எந்திரம் வேண்டும். வளர்ச்சி சுற்றுக்கு ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு, அதாவது 1 கோடி சுற்றுக்கு 1 மில்லிமீட்டர், என்ற இடத்தை வாசலாக வைக்கிறது ஏ.எஸ்.டி.எம். ஈ 647. அந்த 1 மில்லிமீட்டருக்கு 10 ஹெர்ட்ஸில் பதினொன்றரை நாள், 100 ஹெர்ட்ஸில் 28 மணி நேரம். இதுவரை எல்லாம் எந்திரத்துக்குச் சாதகம்.

இப்போது விசையைக் கணக்கிடுங்கள். அகலம் 50, தடிமன் 12.5 மில்லிமீட்டர் உள்ள சி.டி. சாம்பிளில் (ஒரு பக்கம் வாய்ப்பள்ளம் வெட்டி இழுக்கும் கச்சிதமான சாம்பிள்) விரிசல் பாதி தூரம் வந்திருக்கிறது, டெல்டா கே 5 மெகாபாஸ்கல் வர்க்கமூல மீட்டர் வேண்டும் என்றால் தேவைப்படும் விசை வேறுபாடு வெறும் 1.45 கிலோநியூட்டன். வீச்சு அதில் பாதி, 0.72. 100 கிலோநியூட்டன் லோடு செல்லில் (விசையை அளக்கும் கருவியில்) இது 1 சதவீதம்கூட இல்லை. தராசுக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் கொலுசு நிறுப்பது போல.

இன்னொன்றும் சேர்கிறது. லோடு செல்லுக்கும் சாம்பிளுக்கும் இடையில் உள்ள பிடி 3 கிலோ எடை, 0.1 மில்லிமீட்டர் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸில் அந்த ஆட்டத்தின் நிலைமவிசையே 118 நியூட்டன். 15 கிலோநியூட்டன் வீச்சில் சோர்வு வலிமை பார்க்கும்போது இது 1 சதவீதத்துக்குக் கீழே, கண்டுகொள்ள வேண்டாம். 0.72 கிலோநியூட்டன் வீச்சில் இது 16 சதவீதம். 150 ஹெர்ட்ஸுக்குப் போனால் அதே ஆட்டத்துக்கு இரண்டேகால் மடங்கு ஆகும். திருத்தம் செய்யாத கூடத்தின் வாசல் மதிப்பை வைத்து உதிரிபாக ஆயுளைக் கணக்கிடுவது ஆபத்து. இந்த வேலைக்கு இதே வகையில் 20 கிலோநியூட்டன் சிற்றெந்திரம் சரியான தேர்வு. கல்லூரிக்கு வாங்குபவர்கள் ‘பெரியதாக வாங்கினால் எல்லாம் செய்யலாம்’ என்று நினைத்து 100க்குப் போவது வழக்கம். விரிசல் வளர்ச்சிதான் முக்கிய வேலை என்றால் அந்த நினைப்பு தவறு.

செய்முறையிலும் கைப்பக்குவம் வேண்டும். வாய்ப்பள்ளத்தை ஒயர்கட்டில் வெட்டி, அதன் நுனியிலிருந்து முன்விரிசல் வளர்க்க வேண்டும். குறைந்தது 1 மில்லிமீட்டர், அல்லது தடிமனில் பத்தில் ஒரு பங்கு, எது பெரிதோ அது. 12.5 மில்லிமீட்டர் தடிமனுக்கு 1.25. முதலில் கொஞ்சம் கூட்டி ஓட்டி, படிப்படியாக இறக்கி, சோதனை தொடங்கும் அளவுக்கு மேல் போகாதபடி முடிக்க வேண்டும். அவசரத்தில் பெரிய விசையில் முன்விரிசல் போட்டால், நுனியில் பெரிய நெகிழ்வலயம் (நிரந்தரமாக உருமாறிய பகுதி) உருவாகி, அதன்பின் குறைந்த விசையில் விரிசல் அதிலேயே மாட்டிக்கொண்டு நகராது. ‘வாசல் மதிப்பு இவ்வளவு உயர்வா!’ என்று மகிழ்ந்துபோவார்கள். வாசலை நோக்கி இறக்கும்போதும் அதே எச்சரிக்கை. ஒரு படிக்கு உச்ச விசையில் 10 சதவீதத்துக்கு மேல் இறக்கக் கூடாது, ஒவ்வொரு படியிலும் விரிசல் அரை மில்லிமீட்டராவது நகர வேண்டும்.

நீளத்தை அளப்பதற்கு இரண்டு வழி. சாம்பிளில் நிலையான மின்னோட்டம் விட்டு, விரிசல் நீள நீள ஏறும் மின்னழுத்தத்தைப் படிப்பது ஒன்று. இதில் பிடி வழியாக மின்னோட்டம் கசியாமல் காப்பிட வேண்டும். செம்புக் கம்பியும் உருக்கும் சேரும் இடத்தில் வெப்பத்தால் பிறக்கும் நுண்ணழுத்தத்தை நீக்க மின்னோட்டத்தைத் திசை மாற்றிப் படிக்க வேண்டும். அறையில் ஏ.சி. நின்று ஓடினாலே இந்த எண் அலையும். மற்றொன்று, விரிசலோடு சேர்ந்து கிழியும் மெல்லிய தகட்டுமானியை ஒட்டுவது. படிக்கச் சுலபம், ஆனால் பசை தடித்திருந்தாலோ அடியில் காற்றுக்குமிழ் இருந்தாலோ தகடு விரிசலுக்குப் பின்தங்கிக் கிழியும். எந்த வழியானாலும் சாம்பிளின் இரு முகத்திலும் நுண்ணோக்கியால் சரிபார்க்க வேண்டும். இரண்டு பக்க நீளமும் தடிமனில் கால் பங்குக்கு மேல் வேறுபட்டால் அந்தத் தரவு செல்லாது.

20 கிலோஹெர்ட்ஸ் மீயொலி எந்திரத்தோடு ஒப்பிட்டுச் சிலர் கேட்பார்கள். 1 கோடி அதில் 8 நிமிடம் 20 வினாடி, 100 கோடி 14 மணி நேரம். மீன்கண் தோல்வியைத் தேட அதற்கு மாற்றில்லை. ஆனால் சாம்பிளே ஒத்ததிர வேண்டும், நேர் உருக்குத் தண்டு என்றால் சுமார் 13 சென்டிமீட்டர் நீளம். முனை 10 மைக்ரான் ஆடினால் அந்த நேர்தண்டின் நடுவில் வருவது 51 மெகாபாஸ்கல்தான், அதனால் உடுக்கை போல இடுப்பைச் சிறுத்துக் கடைய வேண்டும். சூடு தணியத் துடிப்பு-ஓய்வு என்று விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். நடுவிசை கொடுப்பதும் எளிதல்ல. மென்கார்பன் உருக்கு அந்த வேகத்தில் உள்ளதைவிட வலுவாகத் தோன்றும். ஆராய்ச்சிக்கு அது, பட்டறைக் கேள்விக்கு ஒத்ததிர்வு.

இடமும் மின்சாரமும்

தரைத்தளம் வேண்டும், எந்திரத்தோடு வரும் அதிர்வுத்தாங்கியின் மேல் நிறுத்த வேண்டும். பக்கத்தில் விசைத்தறி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அதன் தட்டு வினாடிக்கு இரண்டு மூன்று, 100 ஹெர்ட்ஸோடு ஒட்டாது. நுண்ணோக்கியில் விரிசல் நுனி பார்ப்பவருக்குத்தான் எரிச்சல். ஓடும்போது வண்டு ரீங்காரம் மாதிரி விடாத இரைச்சல், அதே அறையில் அலுவலக மேசை போட்டால் யாரும் உட்கார மாட்டார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு யு.பி.எஸ். கட்டாயம். மின்சாரம் போனால் ஆட்டம் அடங்கிவிடும், ஆனால் திருகுத்தண்டு நடுவிசையை அப்படியே பிடித்திருக்கும். சோர்வு வலிமைச் சோதனையில் மீண்டும் தொடங்கினால் பெரிய பாதகமில்லை. வாசல் மதிப்புச் சோதனையில் அப்படி இல்லை. சில மணி நேரம் நின்ற விரிசலின் முகத்தில் ஆக்சைடு படிந்து, திரும்ப நகரத் தாமதிக்கும். நின்ற நேரத்தையும் சுற்றையும் குறித்து, அந்தப் பகுதித் தரவை விலக்க வேண்டும்.

சாம்பிள் அனுப்புபவர்கள் ஆர்டரிலேயே எழுதிக் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு சாம்பிளின் தகைவு, சுற்று, உடைந்த இடம் தனித்தனி வரியாக, உடையாதவை அம்புக்குறியோடு, ஓடிய அதிர்வெண், ஆர் விகிதம், சாம்பிள் வெப்பம், ஈரப்பதம், அச்சு நேர்மைச் சோதனைத் தேதி, விசையை அசையும் நிலையில் சரிபார்த்த சான்று, நின்ற நிலைச் சான்று மட்டும் போதாது, உடைந்த முகத்தின் படம். பிடியில் உடைந்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதற்கு மாற்றாகத்தான் 15க்குப் பதில் 20 சாம்பிள் கடைந்து அனுப்பச் சொல்வது. முடிந்தால் அதில் மூன்றை வேறு ஹைட்ராலிக் எந்திரத்தில் 10 ஹெர்ட்ஸில் ஒரே தகைவில் ஓட்டி ஒப்பிடுங்கள். மூன்றின் ஆயுளும் 100 ஹெர்ட்ஸ் சிதறலுக்குள் விழுந்தால் வேகத்தால் பிசகில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

அனுப்பும்போது ஒவ்வொரு சாம்பிளையும் துரு எண்ணெய் பூசித் தனித்தனி பிளாஸ்டிக் குழாயில் போட்டு, எண்ணை முனையில் மட்டும் குத்துங்கள். நடுப்பகுதியில் குத்தினால் அந்த எழுத்திலிருந்தே உடையும். 20 சாம்பிளையும் ஒரே பையில் கொட்டி பஸ் பார்சலில் போட்டால், ஒன்றோடொன்று உரசி, அத்தனை நேரம் உப்புத்தாள் தேய்த்தது வீண்.